திருஷ்டியும் சங்கிலியும்

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்றரை வயது. பகலெல்லாம் கட்டித்தான் கிடக்கிறது. அவிழ்த்தால் கோழியை விரட்டுகிறது, செருப்பைக் குதறுகிறது. இராத்திரி ஒரே ஊளை. திருஷ்டி கழிக்கச் சொல்கிறார் மாமியார். கழிக்கலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: கழியுங்கள் அம்மா. கையோடு சங்கிலியையும் கழற்றுங்கள்.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைச் சுமக்கும் இந்த இனம், கரிசல் பொட்டலில் முயலைக் கண்ணால் கண்டு துரத்தவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு, நீண்ட கால் என்று உடம்பே ஓட்டத்துக்காக வார்த்தது. எது குடுகுடுவென ஓடினாலும் அதன் கண்ணுக்கு முயல்தான். உங்கள் கோழியும் ஓடுகிறதே! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, கால் தினவு போகவில்லை. அந்தத் தினவுதான் செருப்பில் இறங்குகிறது.

வெயில் ஏறுமுன் வேலி அடைத்த புஞ்சையில் தினமும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நாயை நீண்ட கயிற்றில் பிடித்தபடி கோழிகளைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். சும்மா இருந்தால் ஒரு துண்டு கருவாடு கொடுங்கள். அடிக்கவே வேண்டாம். அடி வாங்கிய நாய் பயத்தில் கடிக்கப் பழகும். மூன்று மாதத்துக்குள் கோழிகளோடு வளர்ந்திருந்தால் சுலபமாகப் பழகியிருக்கும். இப்போது பொறுமை வேண்டும்.

ஊளை திடீரென்று தொடங்கியதென்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழோ, பல்லில் வலியோ இருக்கலாம். வாயில்லா ஜீவன் வலியை வேறெப்படிச் சொல்லும்?

நாய் பழகும்வரை கோழிக்கூட்டுக்கு நல்ல தாழ்ப்பாளாகப் போடுங்கள்.