பெரியப்பா மேல போட்ட கேசு

வா மாப்ளே, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ராத்திரி பூரா உங்க பெரியப்பாவோட மல்லுக்கட்டியிருக்க. மனுசன் போய்ச் சேந்து பன்னெண்டு வருசமாச்சு. அங்கயாச்சும் நிம்மதியா இருக்க விடேன்.

பத்து வயசுல உன்னையப் பந்தியில இருந்து எழுப்பிவிட்டாரு. சோறு போட்டாச்சு, அப்பளம் வச்சாச்சு, கையப் பிடிச்சுத் தூக்கிட்டு சம்பந்தி வீட்டு ஆள உக்கார வச்சாரு. தப்புதான். ரசவாளியத் தூக்கிக்கிட்டு நின்ன நானே பாத்தேன். வலிச்சிருக்கும், இல்லேங்கல.

ஆனா அதுக்கப்புறம் நீ நடத்துற விசாரணைக்கு ஐகோர்ட்டுலகூட இத்தன வாய்தா கெடையாது. வரப்புத் தகராறாலயா, பெரியம்மா ஏத்திவிட்டாளா, உங்கப்பன் மொய்யக் கொறச்சு எழுதுனதாலயான்னு வருசத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிற. சரி, பெரியம்மாதான்னே வையி. அன்னைக்குப் போன பாயசம் இன்னைக்கு உன் எலைக்கு வந்துருமா?

கோவிக்காத, உனக்கு அதுல ஒரு சொகம் இருக்கு. மொய் நோட்டாட்டம் அப்பப்ப எடுத்துப் புரட்டி, எவன் எவ்வளவு பாக்கின்னு பாத்துக்கிற. அத மூடிட்டா டீக்கடையில நீ எதப் பேசுவ? மழையவும் கரண்டையும் நாங்களே பேசிருவோம்.

நர்சு படிச்ச என் மக சொன்னா. ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வேன்னு ஒரு நாடு. மனசு வைத்தியம் பாக்குற டாக்டருக அங்க விரல் விட்டு எண்ற அளவுதான். அதுல சிபாண்டான்னு ஒருத்தரு, 2006ல ஹராரே பட்டணத்துல 14 கெழவிகளுக்குப் பயிற்சி குடுத்து, ஆஸ்பத்திரிக்கு வெளிய பெஞ்சு போட்டு உக்கார வச்சாராம். எல்லாம் அடுத்தவுக பேசக் கேக்கத் தெரிஞ்ச கெழவிக. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணக் காட்டு, மால போடுறேன்.

வந்தவுக அழுது முடிக்கிற வரைக்கும் கேப்பாகளாம். அப்புறம், ‘உன் கஷ்டத்தையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லு, அதுல ஒண்ண நீயே எடு, அதுக்கு என்ன செய்யப் போற?’ம்பாகளாம். 573 பேர வச்சுச் சோதிச்சு 2016ல எழுதியிருக்காக. ஆறு மாசத்துல, வழக்கமான வைத்தியம் பாத்தவுகள விட பெஞ்சுல வந்து பேசுனவுகளுக்கு மனக்கஷ்டம் நல்லாவே கொறஞ்சிருந்துச்சாம்.

நீயும் ஒருக்க முழுசாக் கொட்டிரு, கேக்குறேன். ரெண்டாவது தடவைக்கு எனக்குக் காது மந்தம்.

இன்னமும் கொடும பண்றவன்னா கிட்டயே போகாதன்னு சொல்லுவேன், அது வேற கத. ஆனா பெரியப்பா மகன் உனக்கு என்ன செஞ்சான்? அன்னைக்கு அவன் டவுசர் போடாம பந்தலுக்குள்ள ஓடிக்கிட்டிருந்த பய. உன் மகளும் அவன் மகளும் ஒரே பள்ளிக்கூடத்துல என்னத்துக்குன்னே தெரியாம மொறச்சுக்கிட்டுத் திரியுதுக. அந்த ஒண்ண எடு.

போன் போடு. பேச ஒண்ணுமில்லேன்னா மோட்டாருக்குக் காயில் எங்க கட்டுறான்னு கேளு, அரைமணி நேரம் பேசுவான். நம்பர் இல்லேங்காத, என் போன்ல இருக்கு. உள்ள டிவி மேல என் கண்ணாடி கெடக்கும், எடுத்துட்டு வா.