மீசை எத்தனை? – கேள்வி-பதில்

கேள்வி: ஏரியில் தூண்டில் போட்டால் மீசை வைத்ததெல்லாம் கெளுத்தி என்கிறார்கள். வாளை, தேளி எல்லாவற்றையும் எப்படிப் பிரித்து அறிவது?
– செங்கல்பட்டு வாசகர்

பதில்: மீசையை எண்ணுங்கள். நாலே நாலு, வாய்க்கிழிசல் கண்ணையும் தாண்டிப் போகிறது, முதுகில் பேருக்கு ஒரு குட்டித் துடுப்பு என்றால் வாளை. பண்ணையில் வளரும் பங்காசியஸுக்கும் நாலு மீசைதான். ஆனால் அதற்கு வால் பக்கம் முதுகில் சதைத்துண்டு மாதிரி ஒரு கொழுப்புத் துடுப்பு உண்டு, வாளைக்குக் கிடையாது. எட்டு மீசை இருந்தால் முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் தொடங்கிய துடுப்பு வால்வரை ஓடினால் கிளாரியஸ் வகைக் கெளுத்தி. துக்கடாவாக நின்றுவிட்டால் தேளி. முதுகில் முள்ளும் பின்னால் கொழுப்புத் துடுப்பும் சேர்ந்திருந்தால் குழம்புக்கு வாங்குகிற சின்னக் கெளுத்தி. எண்ணி முடிக்கும்வரை கை வைக்க வேண்டாம்.

கேள்வி: கை வைத்துவிட்டேன். தேளி குத்திவிட்டது. மஞ்சள் பத்துப் போடலாமா?
– சிதம்பரம் வாசகர்

பதில்: மஞ்சளைக் குழம்புக்கு வையுங்கள். விஷம் மார்புத் துடுப்பு முள்ளில் இருக்கிறது. சூடு பட்டால் கெடுகிற புரதம் அது. பொறுக்கிற அளவு வெந்நீரில் அரைமணி நேரமாவது கையை முக்கி வையுங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு உறைக்காது, அதனால் மறு கையால் பார்த்துவிட்டு முக்குங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் ஓடுங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரை என்ன, நேரம் என்ன?
– திருவையாறு வாசகர்

பதில்: பொழுது சாய்ந்த பிறகு. மண்புழு, கோழிக்குடல், நாற்றம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. மீசையிலும் தோலிலும் சுவை மொட்டு வைத்திருக்கும் ஜாதி, கண்ணை நம்பி வாழ்வதில்லை. ஈயக்குண்டு கட்டி அடித்தரையில் கிடத்துங்கள். கிளாரியஸ் கெளுத்தியும் தேளியும் காற்றுக் குடிக்க மேலே வரும். குமிழி உடைகிற இடம்தான் உங்கள் இடம். வாளைக்குப் புழு காணாது, சின்ன மீனைக் கோக்க வேண்டும்.

கேள்வி: ஆறு கிலோ கெளுத்தி மாட்டியது. பாவம் பார்த்து ஏரியிலேயே விட்டுவிட்டேன். சரிதானே?
– மதுரை வாசகர்

பதில்: உங்களுக்குப் புண்ணியம், ஏரிக்குப் பாவம். நாட்டுக் கிளாரியஸ் ஒரு முழத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆறு கிலோ என்றால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒன்றரை மீட்டர்வரை வளர்ந்து, கண்டதையெல்லாம் தின்னும். அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது, ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். பிடித்ததைத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் விடுவது?
– அதே மதுரை வாசகர்

பதில்: மழைக்காலத்தில் சினையோடு மாட்டுகிற வாளையை. அழியும் ஆபத்துள்ள மீன்களின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது. கை நனைத்துப் பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, இறக்கி விடுங்கள்.