தகப்பனைக் காட்டு, தாத்தாவைக் காட்டு

குருவிட்டவின் மூத்த குடி யார் என்று எங்கள் தோட்டத்தில் கேட்டால், ஆளுக்கொரு பெரிய கங்காணியின் பேரைச் சொல்வார்கள். அந்தப் பெருமை உண்மையில் பட்டதொம்பலென குகைக்காரருக்குத்தான். 30,000 வருஷத்துக்கும் முன்னால், துரையும் ஆளெண்ணும் பெரட்டும் இல்லாத காலத்தில், சின்னச் சின்னக் கல்லாயுதம் செய்து, குரங்கையும் நத்தையையும் தின்று, அங்கே நிம்மதியாக இருந்திருக்கிறார். தெரணியகல என்ற ஆராய்ச்சிக்காரத் தகப்பனார் ஒருமுறை தோண்டினார், பிறகு மகனார் ஒருமுறை தோண்டினார். கிடைத்த எலும்புக்காரரைப் 'பலாங்கொடை மனிதன்' என்ற கூட்டத்தில் மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவரிடம் யாரும் பொறப்பு சேட்டிபிகேட் கேட்கவில்லை.

அந்தக் கொடுப்பினை எங்களுக்கு வாய்க்கவில்லை. ரப்பர் மரத்துக்கு வாய்த்தது.

ரப்பர் வந்த கதையைக் கேளுங்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசில் காட்டிலிருந்து 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். அது களவு என்று பிரேசில்காரன் சொல்கிறான். விக்கமுக்கு இங்கிலாந்து 'சேர்' பட்டம் கொடுத்தது. முளைத்ததில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொட தோட்டத்தில் இறங்கின. எங்களைத் திட்டுகிற 'கள்ளத்தோணி' என்ற சொல்லுக்கு முழுத் தகுதி யாருக்கு இருக்கிறது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அந்த மரத்தில் பால் வெட்ட இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனம் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, மருந்துத் தண்ணியில் குளித்து, தோட்டத்து நம்பர் அடித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முறையாகக் கப்பலில் வந்தது. அந்த வில்லையை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் நல்லது. ஆனால் மாடு கழுத்து மணியை எடுத்துப் பெட்டிக்குள் பூட்டி வைக்குமா?

1948இல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாதாம், தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டுமாம். தகப்பன் கணக்கில் தேறாவிட்டால் அப்பாவின் அப்பாவும், அவருக்கு அப்பாவும் இங்கே பிறந்தவர்களாக இருக்க வேண்டுமாம். அம்மா? அம்மாவைச் சட்டம் கேட்கவே இல்லை. தாயென்றால் மருத்துவச்சி சாட்சி, லயமே சாட்சி. தகப்பன் என்பது உலகம் முழுக்க ஒரு நம்பிக்கைதான். சந்தேகமே இல்லாத ஆளைத் தள்ளிவிட்டு, நம்பிக்கையின் பேரில் நிற்கிற ஆளுக்கு அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். எழுதியவர்கள் நன்றாகச் சட்டம் படித்தவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, அத்தாட்சிக்கு எங்கே போவது? தோட்டத்து ஆள்கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகத்துக்குப் போகலாம். அதில் கருப்பையா ஒரு பக்கம் கறுப்பன், மறுபக்கம் கார்ப்பன், சம்பளம் வெட்டிய பக்கத்தில் மட்டும் சுத்தமாகக் கருப்பையா. 1949இல் இன்னொரு சட்டம் வந்து, இத்தனை வருஷம் விடாமல் இங்கே இருந்ததாகக் காட்டினால் பதிந்து தருகிறோம் என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுப் போட்டார்கள். ஏறக்குறைய 1,34,000 பேர் தேறினார்கள். மிச்சப் பேரை 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. பாக்கி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று எழுந்துபோனார்கள்; 1974இல் இரண்டு நாடும் அவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் தேங்காய் பிரிக்கிறவன்கூட ஒருதரம் தட்டிப் பார்த்துத்தான் பிரிப்பான்.

இத்தனை ரகளையும் முடிந்த பிறகு, சாவகாசமாக, 1984 செப்டம்பர் 10 திங்கட்கிழமை காலை 9 மணி 5 நிமிஷத்துக்கு, இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரிஸ் ஒரு எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தார். அவருடைய ஆய்வகத்து உதவியாளப் பெண், அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே ஒரு பசு, கொஞ்சம் புகையிலை என்று பலதின் டிஎன்ஏ அந்தப் படத்தில் வரிவரியாக விழுந்திருந்தது. மகளின் வரிகளில் பாதி தாயிடம் இருந்தன, மிச்சப் பாதி தகப்பனிடம் இருந்தன. இரவல் வரி ஒன்றும் இல்லை. மரபணு விரல்ரேகை என்று இதற்குப் பேர் வைத்தார்கள். விரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சங்கதி இதுதான். மனுஷருக்கு மனுஷர் டிஎன்ஏ ஆயிரத்தில் 999 பங்கு ஒன்றேதான். துரைக்கும் தோட்டிக்கும் ஒரே அச்சு. ஆனால் நடுவில் சில இடங்களில், பெரட்டில் காது கேட்காதவனைக் கணக்கப்பிள்ளை கூப்பிடுவதுபோல, ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் எனக்கு 12 தடவை வந்தால் உங்களுக்கு 17 தடவை வரலாம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்ணிக்கை உண்டு, ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. இப்படி இருபது இடத்தை எண்ணினால், கூடப் பிறந்த ஒற்றைக்கரு இரட்டையரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கணக்கு மொத்தமாகப் பொருந்தாது. முன்பு ஒரு சொட்டு இரத்தமாவது வேண்டியிருந்தது. இப்போது துளியூண்டு டிஎன்ஏவையே கோடிக்கணக்கில் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். பீடித்துண்டில் ஒட்டிய எச்சில் போதும்.

இந்த வித்தை முதன்முதலாக எதற்குப் பயன்பட்டது தெரியுமா? கொலைக்கு அல்ல, கொள்ளைக்கும் அல்ல. 1985இல், கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பையன் ஊருக்குப் போய்விட்டு லண்டன் திரும்பினான். 'நீ அந்தத் தாயின் பிள்ளைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று குடிவரவுக்காரர்கள் மறித்தார்கள். சோதிக்கலாமென்றால் தகப்பன் கையில் இல்லை. ஜெஃப்ரிஸ் தாயின் வரிகளையும், கூடப் பிறந்த மூன்று பேரின் வரிகளையும் வைத்து, இல்லாத தகப்பனின் வரிகளைக் கூட்டிக் கழித்து வரைந்துவிட்டார். பையன் வீட்டுக்குப் போனான். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இல்லாத தகப்பனை வரைந்து காட்டுகிற வித்தை எங்களுக்கு 37 வருஷம் பிந்தி வந்திருக்கிறது.

பொலிசுக்கு உதவிய முதல் கதையில் விஞ்ஞானத்தைவிட வம்புப்பேச்சுக்குப் பங்கு அதிகம். லெஸ்டர் பக்கத்தில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவனைப் பிடிக்க ஏறக்குறைய 5,000 ஆண்களிடம் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். ஒருவனுடையதும் பொருந்தவில்லை. கொலைகாரனான ரொட்டிக்காரன் தன் பேரில் கூட்டாளியை அனுப்பி ஊசி குத்த வைத்திருந்தான். கூட்டாளி தவறணையில் உளறியதைக் கேட்டவர் சொல்லித்தான் 1987இல் ஆள் அகப்பட்டான். ஆனாலும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு பையனை அதே சோதனைதான் முன்பே வெளியே விட்டிருந்தது. அந்தப் புண்ணியத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்த வேலையைப் பாம்பு செய்தது. ஹைதராபாத்தில் லால்ஜி சிங், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியனிடமிருந்து எடுத்த டிஎன்ஏயைக் கொண்டு மனுஷரின் வரிகளைப் பிடித்தார். நம் பக்கத்துக் கரவலாவின் பங்காளி அது. 'பிள்ளை என்னுடையதல்ல' என்று கையை விரித்த தலச்சேரிக்காரர் ஒருவரை அந்தப் பாம்புதான் கொத்தியது. அடுத்து அகப்பட்டவர் நம்ம ஊர்ச் சரக்கு. மாத்தளையில் பிறந்து, விராலிமலைப் பக்கம் ஆசிரமம் போட்ட பிரேமானந்தா. கையை ஆட்டினால் திருநீறு வரும், சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் வரும். ஆசிரமத்துச் சிறுமிகளுக்கு இழைத்த கொடுமையை மறைக்க அந்த வாய் உதவவில்லை. கலைக்கப்பட்ட கருவின் வரிகள் சாமியாரின் வரிகளோடு பொருந்தின. சீமையிலிருந்து நிபுணரை வரவழைத்தும் ஈடேறவில்லை. 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் கொடுத்தது.

நம் நாட்டில் இந்த வித்தை பேர்பெற்றது கல்முனையில். 2004 சுனாமியன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 81ஆவது ஆள் ஒரு கைக்குழந்தை. ஒன்பது தாய்மார் அதற்குச் சண்டை போடுவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி உரிமை கேட்டவர்கள் ஒரே ஒரு தம்பதிதான். மிச்ச எட்டுத் தாய்மாரையும் பெற்றது பத்திரிகைகள். தம்பதியின் பத்திரமெல்லாம் கடலோடு போயிருந்தது. நீதிமன்றம் சோதிக்கச் சொன்னது. 2005 பெப்ரவரி 14 அன்று, பிள்ளை அவர்களுடையதே என்று முடிவு வந்தது. பத்திரம் தொலைந்த தமிழ்ச் சனத்திடம் இந்த நாடு 'பரவாயில்லை, உடம்பே சொல்லும்' என்றதை நான் அறிந்தது அப்போதுதான்.

இப்போது இதே வித்தையை மரத்துக்கும் பார்க்கிறார்கள். நாற்று மேடையில் கன்று மாறிப்போனால் டிஎன்ஏயை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம். அகலவத்தை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய ஆர்ஆர்ஐசி 100 என்ற ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஆர்ஆர்ஐசி 52, உள்ளூர்க்காரி. தகப்பன் பிபி 83, மலேயாவில் பிறந்தவன். பாட்டன் பூட்டன் வழியோ பிரேசிலுக்குப் போகிறது. 1948 சட்டத்தை விரித்து வைத்துப் பார்த்தால் அது எந்தப் பிரிவிலும் தேறாது. நாளைக் காலையில் பால் வெட்டப் போகும்போது அதன் காதில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். பயந்து பாலை நிறுத்திவிட்டால் என் பேர்தான் விழும்.