ஆறு வாரத் தவணை

வியாதிகளுக்குள்ளும் அந்தஸ்து பேதம் உண்டென்பதைக் கீழ்ப்பட்ட வியாதி ஒன்றுக்கு ஆளானவர்களே நன்கு அறிவார்கள். காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சியும் கரிசனமும் கிடைக்கின்றன. மாவுக்கட்டுப் போட்டவனுக்கு பஸ்ஸில் இடம் கிடைக்கிறது. இருதய நோயாளியிடமோ கடன் கொடுத்தவர்கூடத் தணிந்த குரலில்தான் பேசுகிறார். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சுமார் 20 கிராம் எடையோடு ஒதுங்கியிருக்கும் தைராய்டு சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதால் வரும் அயர்ச்சிக்கு மட்டும் இந்த மரியாதை எதுவும் கிடையாது. உஷ்ணமானியில் அது ஏறுவதில்லை. கட்டுப்போட்டுக் காட்டவும் வழியில்லை. முகம் சற்று உப்புவதைச் செழிப்பென்று பாராட்டும் அதே உலகம், காலை பத்து மணிக்குக் கண் சொக்குவதைச் சோம்பலென்று தீர்மானித்துவிடுகிறது.

இந்த வியாதியை வைத்துக்கொண்டு வாழ ஓசூரைக் காட்டிலும் பொருத்தமற்ற ஊர் தேசத்தில் வேறு உண்டா என்பது சந்தேகமே. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பிறகு, லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து, அதாவது வேகத்தையும் காலத்தையும் பெட்டியில் அடைத்து, நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் இது. கோழி கூவுமுன் கம்பெனி பஸ்கள் கூவுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் குடியிருப்பதால், நான் உட்கார்ந்த இடத்தில் உறங்கியதைப் பற்றி மூன்று பாஷைகளிலும் அபிப்பிராயம் கூறப்பட்டது. காவிரி விஷயத்தில் இன்றுவரை ஏற்படாத ஒற்றுமை, என் சோம்பேறித்தனத்தைக் குறித்து எல்லையின் இரு பக்கத்தாருக்கும் ஒரே வாரத்தில் ஏற்பட்டுவிட்டது.

கடைசியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எனக்காகச் சாட்சி சொல்ல வந்தது. டி.எஸ்.எச். என்ற அளவு சாதாரணமாக 4-க்குள் இருக்கவேண்டும். எனக்கு அதைப்போல் பல மடங்கு இருந்தது. சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த மைத்துனன், “என்ன மாமா, அளவு இவ்வளவு அதிகமாக இருக்கிறது, வைத்தியர் குறைவென்று சொல்லி மருந்து எழுதியிருக்கிறாரே! சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தாரா?” என்று கேட்டான். அவன் ஒரு வார்ப்படச் சாலையில் மேற்பார்வையாளன் ஆகையால், அவனுக்குப் புரியும் விதமாகவே விளக்கினேன். தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி என்பது ஒரு மேற்பார்வையாளர், கழுத்திலிருக்கும் தொழிலாளி கை தளரத் தளர, மேலேயிருப்பவருடைய கூச்சல் உயர்ந்துகொண்டே போகும், டி.எஸ்.எச். என்பது அந்தக் கூச்சலின் அளவேயன்றி, நடந்த வேலையின் அளவன்று. “அப்படியானால் மேற்பார்வையாளர் மேல் குற்றமில்லை” என்று சொல்லி, அவன் பரம திருப்தியோடு காப்பியைக் குடித்தான்.

எனக்குச் சோதனையாக வந்தது வியாதியன்று, வைத்தியத்தின் நிதானமே. என் உத்தியோகம் இயந்திரங்களைச் சரிபார்ப்பது. திருகை அரைச் சுற்றுத் திருப்பினால், அடுத்து விழும் உருப்படியிலேயே பலனை மைக்ரோமீட்டரில் பார்த்துவிடலாம். ஷிப்டு முடிவதற்குள் நியாயம் கிடைத்துவிடும். வைத்தியரோ, லெவோதைராக்ஸின் மாத்திரையில் 25 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் இருபத்தைந்து கூறு, கூட்டி எழுதிவிட்டு, “ஆறு வாரம் கழித்து வாருங்கள்” என்றார். நாளைக்கே சீட்டோடு வருகிறேன் என்று நான் தெரிவித்த உற்சாகத்தை அவர் பொருட்படுத்தவில்லை. உடம்பில் சேர்ந்த மருந்தில் பாதி கழிவதற்கே சுமார் 7 நாட்கள் ஆகின்றனவாம். ஆதலால் புதிய அளவு ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர வாரங்கள் செல்லும். அந்த நிலையை நம்பிக் கூச்சலைத் தணிக்க பிட்யூட்டரிக்கு மேலும் அவகாசம் வேண்டும். பொறுமையிழந்து அளவை நாமாகக் கூட்டிக்கொண்டாலோ, நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், தூக்கம் ஓடிப்போகும். வயோதிகர்களுக்கு இருதயத் துடிப்பின் தாளமே தப்பும்.

தவணையில் பொழுது போகவேண்டுமே என்று இம்மருந்தின் சரித்திரத்தைப் படித்தேன். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற வைத்தியர் ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியால் ஏற்றி ஒரு மாதரசியைக் குணப்படுத்தினார். அந்த அம்மாள் அதற்குப் பின் 28 வருஷங்கள் ஜீவித்திருந்தார். மறு வருஷம் ஃபாக்ஸ் என்னும் வைத்தியர், ஊசி எதற்கென்று, ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துப் பொடியாகக் கொத்தி, பழ ஜெல்லியோடு உண்ணச் சொன்னார். 1914-இல் கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால் என்பவர் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குத் தேறியது 33 கிராம். இவற்றையெல்லாம் வாசித்த பிறகு, கடுகத்தனை வெள்ளை மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குவதைப் பற்றி முறையிட எனக்கு வாய் எழவில்லை.

ஆனால் அதை எப்போது விழுங்குவது என்ற பிரச்சினை ஒன்றிருந்தது. “காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், காப்பியும் பலகாரமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து” என்பது விதி. ஆறுக்கும் இரண்டுக்கும் பத்துக்கும் ஷிப்டு மாறும் ஊரில் காலை என்பது எது? இராப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்குப் படுப்பவன், பகல் இரண்டு மணிக்கு எழுந்து பல் துலக்கும்போதுதான் அவனுக்குப் பொழுது விடிகிறது. முதல் ஷிப்டுக்காரனுக்கோ மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையே அரை மணி விட்டால், காப்பிக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒன்றும் மிஞ்சுவதில்லை. வைத்தியரிடம் முறையிட்டேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆனபின் படுக்கப்போகையில் விழுங்குவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான் என்றும், எந்த வழியானாலும் வயிறு காலியாக இருப்பதும் தினந்தோறும் கிரமம் தவறாததுமே முக்கியம் என்றும், இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இதற்கு நான்கு மணி நேரம் தள்ளியே நிற்கவேண்டும் என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டைக் கெடுக்கவே பிறந்தவர்கள் ஹிதோபதேசிகள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், தோட்டத்து முட்டைக்கோஸை வருஷம் தவறாமல் தந்துவந்தவர், அது தைராய்டுக்கு விஷமென்று யாரோ சொல்லக் கேட்டு நிறுத்திவிட்டார். அளவாகச் சமைத்த முட்டைக்கோஸ் பாதகம் செய்யாதென்று வைத்தியர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. அத்திப்பள்ளியிலிருந்து வரும் சக ஊழியர், தினம் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறினார். மாடிப்படி ஏறுவதற்கே இடையில் ஓர் ஓய்விடம் தேடுகிறவனிடம் இதைச் சொல்ல அபாரமான நன்னம்பிக்கை வேண்டும்.

என் பங்குக்கு நான் கண்ட யுக்திகள் சாமானியமானவை. சக்தி இருக்கும் முற்பகலில் கணக்கு வேலைகளை முடித்தேன். பிற்பகலுக்குக் கையெழுத்து மட்டும் போதுமான காரியங்களை ஒதுக்கினேன். உணவு இடைவேளையில் கேன்டீன் அரட்டையை விட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடினேன். இந்த வியாதிக்குக் குளிர் ஆகாது. மூவாயிரம் அடி உயரத்து ஓசூர்ப் பனியில் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிய நான், உத்தியோக நிமித்தம் சூளகிரியைக் கடந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போதெல்லாம் புது மனிதனானேன். அங்கே மாமரங்களே வெயிலுக்கு வாடி நிற்க, எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் சௌக்கியமாகச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் என்னைத் திடகாத்திரன் என்று குறித்துக்கொண்டார்கள்.

பரிசோதனைக்கூட வரிசையில்தான் என் பரிகாசம் சற்று அடங்கியது. அங்கே மீசையோடு நின்றவன் நான் ஒருவனே. இவ்வியாதி ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். இரா ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருந்த பெண்கள், ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கவேண்டியவர்கள். என் அயர்ச்சியைச் சோம்பலென்றாவது ஊரார் பெயரிட்டுப் பேசினார்கள். அவர்கள் களைத்திருப்பதை வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். சோற்றைக் குறித்த நேரத்தில் இறக்கிவைக்கிற வரையில் அவர்களுக்கு வியாதி உண்டென்று எவரும் ஒப்புவதில்லை.

சில தவணைகளுக்குப் பிறகு எண் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் எண் இறங்கிய அன்றே அயர்ச்சியும் இறங்கிவிடுவதில்லை. அது மெள்ளத்தான் விடைபெற்றது. வைத்தியரும் ரத்தசோகை, பி-12 குறைவு முதலிய வேறு காரணங்கள் இல்லையென்று பார்த்துத் தெளிந்தார். ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “மற்ற வேளைகளில் நன்றாக இருக்கிறேன் டாக்டர், திங்கட்கிழமை பிற்பகல் தரக்கட்டுப்பாட்டு மீட்டிங்கில் மட்டும் தூக்கம் தாங்கவில்லை. அளவைச் சற்றுக் கூட்டலாமா?” என்றேன். அந்த மீட்டிங்கில் இன்னும் யார் யார் தூங்குகிறார்கள் என்று அவர் விசாரித்தார். தலைமை வகிப்பவர் உட்பட எல்லாருமே என்று உண்மையைச் சொன்னேன். “அப்படியானால் அது தைராய்டு அல்ல, அதற்கு மருந்து எழுதுவதென்றால் கம்பெனி பெயருக்குத்தான் எழுதவேண்டும்” என்று சொல்லி, பழைய அளவையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார்.