ஒன்றரை மில்லிமீட்டர் எச்சரிக்கை

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்), காந்தி இர்வின் பாலச் சாலை, எழும்பூர், சென்னை.

பொருள்: குவார்ட்டர் பாட்டில் லேபிளில் சில திருத்தங்கள் கோரி.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுதாரர்கள் ராசிபுரத்துக்காரர்கள். மதராஸ் மாகாணத்தில் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. ராசிபுரமும் அதில் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, வரி போகவில்லை. மதிப்புக் கூட்டு வரி என்று பெயரை மாற்றிக்கொண்டு, இப்போது பிராந்தி பாட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1983-இல் மொத்த வியாபாரத்துக்கென்று பிறந்த கழகம், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. சரக்கு எடுப்பதும் விற்பதும் கழகம். வரி வாங்குவதும், குடிக்காதே என்று புத்தி சொல்வதும் கழகத்தின் முதலாளியான அரசு. இத்தனை வேலைக்கு நடுவில் லேபிளைக் கவனிக்க நேரமிருக்காது என்பதால்தான் இந்த மனு.

உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி எச்சரிக்கை எழுத்தின் உயரம் குறைந்தது 3 மில்லிமீட்டர். 200 மில்லி வரையிலான பாட்டிலுக்கு மட்டும் ஒன்றரை போதுமாம். 180 மில்லி குவார்ட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சலுகை! சேகோ மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவர் கையில் இருப்பது குவார்ட்டர். அவருக்குப் பொடி எழுத்து. ஃபுல் வாங்க வசதியுள்ளவருக்குப் பெரிய எழுத்து. பெட்டிக்கடை சிகரெட் பாக்கெட்டிலோ 2016 முதல் 85 சதவீத இடத்தைப் படமும் எச்சரிக்கையும் பிடித்துக்கொண்டன. பெட்டிக்கடை அரசுடையது அல்லவே.

அடுத்து, வாசகம். ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு.’ வீட்டுக்கும் உயிருக்கும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் விரிவாகவே சொல்வார்கள். நாட்டுக்கு என்பதுதான் உதைக்கிறது. 2024-25-இல் கழகத்தால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அந்த முதல் சொல்லை அடித்துவிட்டால் நிதித்துறை ஆட்சேபிக்காது.

கடைசியாக, விலை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிய புகாரில் கழகமே விற்பனையாளர்களைப் பணியிடை நீக்கம் செய்துவருகிறது. அந்தப் பத்தையும் சேர்த்து அச்சடித்துவிட்டால் கோப்பு மிச்சம், காகிதம் மிச்சம். லேபிளில் இடம் போதாதென்றால் எச்சரிக்கையை 1 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றரையையே இங்கே யாரும் படித்ததில்லை.

இப்படிக்கு,
பகல் 12 மணிக்குக் கடை திறக்கக் காத்திருப்போரும், அவர்கள் வீடு திரும்பக் காத்திருப்போரும்,
ராசிபுரம்.