பாதத்தை மறைக்கப் புல்

மும்பையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலையார்வம் பெரும்பாலும் எட்டாம் வகுப்பில்தான் வரும். அதற்குக் காரணம் ரவிவர்மா இல்லை, பக்கத்து வீட்டு அம்மா. “எங்க பையன் எலிமெண்டரி முடிச்சிட்டான், இந்த வருஷம் இன்டர்மீடியட் எழுதுறான்” என்று அவர் தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டால் போதும். அன்று சாயங்காலமே நம் வீட்டிலும் ஒரு ஓவியன் பிறந்துவிடுவான். நானும் அப்படிப் பிறந்தவன்தான்.

மகாராஷ்டிரக் கலை இயக்குநரகம் நடத்தும் டிராயிங் கிரேடு பரீட்சையில் இரண்டு படிகள். முதலில் எலிமெண்டரி, அதைத் தாண்டினால் இன்டர்மீடியட். மழை போய்விட்டதா, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி வைத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாத செப்டம்பர் வாக்கில் நடக்கும். இரண்டு நாளில் நாலு தாள்: ஸ்டில் லைஃப், மெமரி டிராயிங், டிசைன், கடைசியாக ஜியோமெட்ரியும் லெட்டரிங்கும். தேறினால் ஏ, பி, சி என்று கிரேடு. இப்போது இன்டர்மீடியட் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் ஏ என்றால் 7, பி என்றால் 5, சி என்றால் 3 கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஏழு மார்க் கிடைக்கும் என்றால் எந்த ஊரிலும் கலை வளரத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தாராவி 90 அடி சாலைப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் சந்து. படம் வரைவதற்கு எதற்குப் பரீட்சை என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாதான் விஷயத்துக்கு வந்தாள். “ஏல, சர்ட்டிபிகேட்டுல கவர்ன்மெண்டு முத்திர இருக்குமா?” இருக்கும் என்றேன். “அப்பச் சரி, எழுது.”

எங்கள் டிராயிங் சார் கொங்கண் பக்கத்து மராட்டியர். மெலிந்த உடம்பு. வெள்ளைச் சட்டையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே முந்தின வகுப்பில் என்ன வரைந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் வருஷம் முழுக்கக் கடன் வாங்கிக்கொண்டிருப்பார், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் ஜூலை பிறந்து, பரீட்சைக்குப் பெயர் கொடுத்தவர்களைப் பள்ளி விட்ட பிறகு மாடி ஹாலில் உட்கார வைத்தார் என்றால், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

ஸ்டில் லைஃப் பயிற்சிக்கு ஒரு ஸ்டூலின்மேல் சிவப்புத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, பித்தளைச் செம்பு, கெட்டில், கூடவே ஒரு காயோ பழமோ வைப்பார். ஆரம்பத்தில் ஆப்பிள்தான் வைத்தார். துணி மடிப்பை நாங்கள் முடிப்பதற்குள் ஆப்பிள் யார் வயிற்றிலோ முடிந்துவிடும். பிறகு வாழைப்பழம், அதற்கும் அதே கதி. கடைசியில் கத்தரிக்காய் வந்து நிலைத்தது. பச்சைக் கத்தரிக்காயை எவனும் திருடித் தின்பதில்லை. ஊர் முழுக்கப் பள்ளி ஓவியங்களில் கத்தரிக்காய் அத்தனை இடம் பிடித்திருப்பதற்கு அதன் ஊதா நிறம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லோரும் அரைவட்டமாக உட்காருவதால் இந்தத் தாளில் திறமையைவிட ஜாதகம் அதிகம் வேலை செய்யும். பக்கவாட்டில் இடம் கிடைத்தவனுக்குக் கெட்டிலின் மூக்கு அன்னத்தின் கழுத்தாக வளைந்து தெரியும். அவன் ஏ கிரேடு. நேர் எதிரே உட்கார்ந்தவனை அந்த மூக்கு குறி பார்த்துக்கொண்டிருக்கும். அவன் உள்ளதை உள்ளபடி வரைந்தால், கெட்டிலின் வயிற்றில் யாரோ ஓட்டை போட்டதாகத்தான் தாளில் தெரியும்.

இடம் எங்கே கிடைத்தாலும் செம்பு யாரையும் விடாது. பித்தளையில் வெளிச்சம் பளிச்சென்று விழும் புள்ளியில் வண்ணமே படக்கூடாது. வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். கேட்கச் சுலபம். மூன்று மணி நேரம் பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு கடுகளவு இடத்தைத் தொடாமல் இருந்து பாருங்கள். சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் பிரவுன், ஜன்னல் பக்கம் லேசான பச்சை, துணியின் சிவப்பு செம்பின் வயிற்றில் பட்டு ஒரு கோடு. எல்லாமே ஈரம். மும்பை மழைக்காலத்துக் காற்றில் எதுவும் காயாது. கண்ணெதிரே மஞ்சள் மெல்ல நகர்ந்து வந்து அந்த வெள்ளைப் புள்ளியை விழுங்கும். சார் என் பின்னால் வந்து நிற்பார். “செம்பு எங்கே? எனக்குப் பூசணிக்காய்தான் தெரிகிறது.” ஒருமுறை உண்மையிலேயே பூசணிக்காய் வைத்தார். அன்று என் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்று செம்பு நன்றாக வந்திருக்கிறது” என்றார்.

இதெல்லாம் சில்லறை. இன்டர்மீடியட்டின் உயிர்நாடி மெமரி டிராயிங். காய்கறிச் சந்தை, ரயில் நிலையம், கணபதி ஊர்வலம் என்று தலைப்புகள் கொடுப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மனசிலிருந்து வரைய வேண்டும். குறைந்தது மூன்று மனிதர்களாவது இல்லாவிட்டால் கிரேடை மறந்துவிடு என்பார் சார். அங்கேதான் வம்பு. மனிதன் என்றால் முகம் இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது, கைக்கு ஐந்து விரல் இருக்கிறது, இத்தனைக்கும் கீழே பாதம் வேறு இருக்கிறது. பதினான்கு வயதுப் பையன் கை வரைந்தால் இஞ்சிக் கிழங்கு வரும். பாதம் வரைந்தால் இன்னும் பெரிய இஞ்சி வரும்.

சார் இதற்கு ஒரு முழு சாஸ்திரமே வைத்திருந்தார். பாதமா? புல் போடு. தோட்டமாக இருந்தாலும் சரி, தபால் ஆபீஸாக இருந்தாலும் சரி, முன்னால் நாலு கற்றைப் புல். கையா? ஒன்றை இடுப்புக்குப் பின்னால் அனுப்பு, இன்னொன்றில் ஒரு பை கொடு. பை மடிப்புக்குள் விரல்கள் போய்விடும். முகமா? முதுகைக் காட்டி நிற்க வை. இந்த மூன்று விதிகளின்படி அவர் மூன்று பேரை உருவாக்கித் தந்தார். தலையில் கூடையோடு திரும்பி நிற்கும் பெண், குடையைத் தாழ்த்திப் பிடித்த ஆள், முழங்காலில் முகம் புதைத்துக் குந்தியிருக்கும் சிறுவன். இந்த மூவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவோம். சந்தைக்குப் போனால் கூடைக்காரி காய் வாங்குகிறாள். ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கிறாள். கணபதி ஊர்வலத்தில் பிரசாதம் கொண்டு போகிறாள். குந்தியிருக்கும் சிறுவனுக்கு மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரு துக்கம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கணபதி ஊர்வலத்தில் எதற்கு அழுகிறான் என்று கேட்டால், பிள்ளையார் கடலுக்குப் போகிறாரே என்போம்.

அந்தச் சாஸ்திரத்தின் உச்சம் மழை. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கிய காட்சியை வரைந்தால் முழங்காலுக்குக் கீழே வேலையே இல்லை. மேலே குடை, நடுவில் ரெயின்கோட். மும்பை மாநகராட்சி வடிகாலை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் மெமரி டிராயிங்கில் அடிபட்டுப் போவார்கள் என்பது எங்கள் உண்மையான கவலை.

இதைக் கற்றுக்கொடுத்த அதே மனிதர், பழைய காலண்டரிலிருந்து வெட்டிய ஒரு படத்தைத் தன் டிராயிங் போர்டுக்குள் வைத்திருந்தார். கையில் விளக்கேந்தி நிற்கும் பெண். காற்றுக்கு அணையாமல் சுடரை இன்னொரு கையால் மறைத்திருப்பாள். நம் வீடுகளிலும் மாட்டியிருப்பார்கள், ரவிவர்மா வரைந்தது என்று அடித்துச் சொல்வார்கள். வரைந்தவர் சாவ்ளாராம் ஹல்தன்கர், மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். 1945-46இல் தன் மகளையே மாடலாக நிறுத்தி வரைந்த படம். மூலம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. சார் எங்களுக்கு முகத்தைக் காட்ட மாட்டார். கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்டுவார். சுடரின் வெளிச்சம் விரல் சதையை ஊடுருவி இடுக்குகளில் செக்கச்செவேலென்று தெரியும். “வாட்டர் கலர். பார்த்துக்கொள்” என்பார். பார்த்துக்கொள்வோம். ஒரு நிமிஷம் கழித்துப் படத்தை உள்ளே வைத்துவிட்டு, “சரி, எல்லோரும் புல் போடுங்கள்” என்பார்.

ஒருநாள் கலர் வாங்க எங்களை கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அழைத்துப் போனார். எதிர்ப்புறம் ஜே.ஜே. கலைப்பள்ளி. 1857இல் தொடங்கியது, ருட்யார்ட் கிப்ளிங் 1865இல் பிறந்தது அந்த வளாகத்தில்தான், அப்பா லாக்வுட் கிப்ளிங் அங்கே ஆசிரியர். எங்கள் கண்ணில் பட்டது வேறு. 1869இல் கட்டி முடித்த மார்க்கெட்டின் வாசலுக்கு மேலே அந்த அப்பா கிப்ளிங் செய்த புடைப்புச் சிற்பங்கள், நம் ஊர் விவசாயிகள். கை இருக்கிறது, கால் இருக்கிறது, எதற்கும் குடையில்லை. “சார், இவர் மட்டும் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறாரே?” சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “அவருக்கு இரண்டு மணி நேரத்தில் மணி அடிக்க மாட்டார்கள்” என்றார்.

டிசைன் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வட்டமோ சதுரமோ கொடுத்து, இலை, பூ, பறவை வைத்து நிரப்பச் சொல்வார்கள். வண்ணங்களும் இன்ன முறையில் என்று சொல்லிவிடுவார்கள். போஸ்டர் கலரைத் திட்டில்லாமல், பிரஷ் கோடு தெரியாமல் அப்ப வேண்டும். எந்த நிறத்தை வெளுக்க வைத்தாலும் வெள்ளை வேண்டியிருப்பதால் பெட்டியில் வெள்ளைப் புட்டிதான் முதலில் காலியாகும். பரீட்சை ஹாலில் அதை வைத்திருப்பவனுக்கு அன்று இருக்கும் மரியாதை கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இருக்காது.

லெட்டரிங் எனக்குப் பிடித்தது. எழுத்தின் உயரத்தை ஐந்து கட்டமாகப் பிரித்து, கோட்டின் தடிமன் ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கும். இது எங்கள் சந்தில் பரவி, அத்தை மகள் கல்யாணத்துக்குத் துணி பேனர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. தமிழ் எழுத்துகளுக்கு ஐந்து கட்டம் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘ண’ ஒன்றே மூன்று வளைவுக்கு இடம் கேட்டுப் பக்கத்து எழுத்தை முழங்கையால் இடித்தது. ‘மணமக்கள்’ முடிவதற்குள் துணியில் பாதி போய்விட்டது. மாப்பிள்ளை பெயருக்கு மிஞ்சியது ஒரு சாண். மாப்பிள்ளையின் சித்தப்பா பேனரை நெடுநேரம் பார்த்துவிட்டு, “கல்யாணம் நல்லாத் தெரியுது, யாருக்குன்னுதான் தெரியல” என்றார்.

பரீட்சைக்கு வருகிறேன். என் வருஷத்து மெமரி டிராயிங் தலைப்புகள் யாரோ எங்கள் சாஸ்திரத்தைக் கேள்விப்பட்டுப் பழிவாங்கப் போட்டவை: கபடி ஆட்டம், பள்ளியில் யோகாசனம், ரங்கோலி போடும் பெண்கள். மூன்றிலும் கையும் காலும்தான் விஷயமே. மழைக்கு வழியில்லை, புல்லுக்கும் இடமில்லை. மழையில் குடையோடு யோகாசனம் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். பிறகு கபடியை எடுத்தேன்.

தாளின் கீழ்ப்பாதி முழுக்கப் பார்வையாளர்களின் முதுகு. நடுவில் கூடைக்காரி, கபடி பார்க்க வந்திருக்கிறாள். பக்கத்தில் குடைக்காரன், வெயிலாம். ஓரத்தில் தோற்ற கட்சிச் சிறுவன், முழங்காலில் முகம். முதல்முறையாக அவன் அழுவதற்கு நியாயமான காரணம் கிடைத்த திருப்தி எனக்கு. முதுகுகளுக்கு அப்பால் ஆடுகளம் இருக்க வேண்டிய இடத்தில் யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து ஒரே புழுதி. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல புழுதி நான் போட்டதில்லை. மேற்பார்வைக்கு வந்த அம்மா என் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பரீட்சையில் பேசக்கூடாது என்பதையும் மறந்து, “கபடி எங்கேப்பா?” என்றார். புழுதியைக் காட்டினேன். அதற்குள்ளே நடக்கிறது.

பி கிரேடு வந்தது. சார் மட்டும் அதில் ஆச்சரியப்படவில்லை. அம்மா சர்ட்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்துவிட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள்.

தங்கை மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, இந்த வருஷம் இன்டர்மீடியட். தனியாக டிராயிங் கிளாஸ் போகிறாள். வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கிறாள், வண்ணத்தில், வழவழ தாளில். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது புரட்டிப் பார்த்தேன். மெட்ரோ நிலையம் என்று ஒரு படம். எஸ்கலேட்டர் பக்கத்தில் குடைக்காரன் நிற்கிறான், குந்தியிருக்கும் சிறுவன் கையில் இப்போது மொபைல். டிக்கெட் வரிசையில் தலையில் கூடையோடு அவளேதான், அதே முதுகு, அதே கொண்டை.

“ஏட்டி, இந்தப் பொம்பள இன்னும் திரும்பிப் பாக்கவே இல்லையா?” என்றேன்.

“பாத்தா ரெண்டு மார்க் போயிடும் மாமா” என்று சொல்லிவிட்டுப் புல் போட ஆரம்பித்தாள்.