எதுவும் கேட்காத விருந்தாளிகள்

பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வண்டியோடு வந்து, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கி, மறுநாள் கிளம்பிப் போகிற சென்னைக் குடும்பங்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. விடுமுறை என்றால் விமானம் ஏறியாக வேண்டும் என்று நினைக்காதவர்கள். மீஞ்சூர், பொன்னேரி தாண்டி, சுமார் 60 கிலோமீட்டருக்குள் ஏரியும் கடலும் அடுத்தடுத்துக் கிடப்பதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பக்கத்தில் இருப்பதாலேயே எதையும் மதிக்காத ஊர் சென்னை. அந்த ஊர்க்காரர்களில் சிலர் ஓர் இரவாவது இங்கே கழிக்க ஆசைப்படுவதை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன்.

யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது இவர்களுடைய பெரிய குணம். குடிதண்ணீர் 20 லிட்டர் கேனில் கூடவே வருகிறது. தோசை மாவு, முட்டை, மசாலா தடவிய கோழி எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் இருக்கின்றன. நல்ல தண்ணீர் அரிதாக இருக்கிற ஊரில் ஒரு சொம்பு தண்ணீருக்காக எந்த வாசலிலும் இவர்கள் நின்றதில்லை. டீக்கடைப் பெஞ்சில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவதும் இல்லை. பிளாஸ்கில் காபி இருக்கிறது. நண்டும் இறாலும் மடவையும் கரையேறும் இடத்தில் இருபதடி தள்ளி அடுப்பை மூட்டி, கொண்டுவந்த கோழியை வறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனக்கட்டுப்பாடு என்னைப் போன்றவர்களுக்கு வராது. இவர்களுக்காக ஊர் ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் போட வேண்டியதில்லை. அந்த ஒரு பிடி அரிசிக்கான காசும் ஊருக்கு வருவதில்லை.

இந்த வகைப் பயணத்தைப் பொழுதுபோக்காகத் தொடங்கி வைத்தவர் என்று கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவரைச் சொல்வார்கள். 1885ல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வீட்டுவண்டியைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்து, குதிரை பூட்டி இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் சுற்றி வந்தார். அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. குதிரைக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவில் கட்டி வைக்க இடம் வேண்டும். அதற்காகவாவது வழியில் யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். திருவிழாவுக்குக் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு போன நம் தாத்தா பாட்டிகளுக்கும் அதே கஷ்டம்தான். கட்டுச்சோறு கையில் இருந்தாலும் மாட்டுக்கு வைக்கோல் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் பேச்சு வளர்ந்தது, உறவும் வளர்ந்தது. பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டீசலைச் சென்னையிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத நிலைமையை எட்டியவர்கள் இவர்கள்தான். கேரள அரசு 2021ல் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தபோது, வண்டிகளை நிறுத்துவதற்கென்றே தனிப் பூங்காக்கள் வேண்டும் என்று யோசித்தது. இவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. கரை போதும்.

அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர் மீனவர்களுக்குள் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் வருகிற நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு வரிசை உண்டு. இன்று ஓர் ஊர் என்றால் நாளை அடுத்த ஊர். முறை இல்லாத நாளில் இறால் எவ்வளவு ஓடினாலும் அந்த இடத்தில் கை வைக்க முடியாது. ஏரிக்கரையிலேயே பிறந்தவன், அப்பனும் பாட்டனும் அதே தண்ணீரில் பிழைத்தவன், தன் முறைக்காகக் காத்துக் கிடக்கிறான். மீறினால் ஊர் கூடிக் கேட்கும். ஏரி சிறுகச் சிறுகத் தூர்ந்து, முகத்துவாரம் மணல் அடைத்து, மீன்பாடு குறைந்துகொண்டே வருகிற காலத்திலும் அந்த மக்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சாகாமல் இருப்பதற்கு இந்த வரிசைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். வண்டியில் வருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட சிக்கல் ஏதும் கிடையாது. எந்த இடத்தில் காற்று நன்றாக வருகிறதோ, எங்கிருந்து சூரிய உதயம் தெரிகிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். முந்தி வந்தவருக்கு நல்ல இடம். இவர்களை எந்த ஊரும் கூடிக் கேட்டதில்லை. இந்தக் குப்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கே கொடுக்காத உரிமை அது.

ஒரு சனிக்கிழமை காலை, ஏரியோரம் பாயில் காரப்பொடி மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞர் இறங்கி, செருப்பைக்கூட ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கிறீங்களா? பாப்பாவுக்கு இந்த வாடை ஒத்துக்கல.” அவ்வளவு பணிவாகப் பேசுகிற பிள்ளையை நான் பார்த்து நாளாயிற்று. “அதுக்கென்ன தம்பி, புள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்” என்று அந்த அம்மா பாயின் இரண்டு முனையைப் பிடித்தார், நான் மற்ற இரண்டைப் பிடித்தேன். தூக்கியதில் பாதி மீன் நடுவில் குவிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மர நிழல் விழுகிற இடம்தான் மிச்சம் இருந்தது. அங்கே உட்கார்ந்து அந்த அம்மா ஒவ்வொரு மீனாகப் பிரித்து மறுபடி பரப்பினார். இளைஞர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கச் சொல்லி அந்த அம்மா உள்ளேயிருந்து எடுத்து வந்தபோது, வெளிப் பண்டம் கொடுப்பதில்லை என்று அதையும் பணிவாகவே மறுத்தார்.

பறவைகள் மேல் இவர்கள் வைத்திருக்கிற பிரியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை அரித்து இரை எடுக்கும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. தூரத்தில் நின்று பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. இவர்கள் பிரியம் அந்த மட்டில் நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று போவார்கள். மேலே டிரோன் விடுவார்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பும்போது சிறகின் உட்புறச் சிவப்பு தெரியும். அழகான படம், நானே பார்த்து வியந்திருக்கிறேன். நெடுந்தூரம் பறந்து வந்து தின்று தேறவேண்டிய பறவை, அந்தப் படத்துக்காக இரையை விட்டு எழும்புகிறது. இறங்கியதும் மறுபடி எழுப்பப்படுகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இவர்கள் தேசபக்தியைப் பார்க்க வேண்டும். முதல் நாள் மாலையே இடம் பிடித்துவிடுகிறார்கள். நெருப்பு மேலே ஏறும்போது குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பக்கத்தில் மீனவர்களும் நின்று பார்க்கிறார்கள், அவர்களுக்கு அன்று நேரம் இருக்கிறது. அந்தப் பக்கக் கடலுக்கு வரக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வலை கரையில் கிடக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை. தடை இருந்தும், ஒரு சுற்று மட்டும் என்று குழந்தைகளோடு படகேறுகிறவர்களின் துணிச்சல் பெரியது. போலீஸ் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவன் துடுப்புப் பிடித்தவன்.

இவர்களுக்கு வெகுகாலம் முன்பே, 1600களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1613ல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம். துணி வாங்கினார்கள், அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். தொல்லியல் துறை காக்கிற கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. அவர்கள் செய்த கொடுமையில் அணுவளவும் இந்தக் குடும்பங்கள் செய்ததில்லை. எதையும் எடுத்துப் போனதில்லை. எதையும் வாங்கிப் போனதும் இல்லை. பழவேற்காட்டு லெப்பைப் பெண்கள் பனையோலையில் பின்னுகிற கூடையும் பெட்டியும் நாள் கணக்கான கைவேலை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “எவ்வளவு நேர்த்தி” என்று மனம் நிறையச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிடுகிறார்கள்.

சுத்தத்திலும் குறை சொல்ல முடியாது. வண்டிக்குள் ஒரு துளி மணல் இருக்காது. மிஞ்சியதையெல்லாம் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, கரையோர மரத்தடியில் வரிசையாக வைத்துவிட்டு, நெரிசலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். இரவில் நாய்கள் முடிச்சை அவிழ்ப்பதில்லை, பையையே கிழிக்கின்றன. பாட்டில்கள் உருண்டு ஆழமில்லாத தண்ணீருக்குள் போகின்றன. விடிந்ததும் இருளர் பெண்கள் அதே தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். சேற்றுக்குள் கண் போகாது, விரல்தான் போகும். வண்டியில் வந்த குழந்தை குடித்த ஜூஸ் பாட்டில் உடைந்து எங்கே கிடக்கிறது என்று அவர்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.